தொகையைச் சொன்ன பிறகு

மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, எங்களிடம் எழுத்தையும் வாங்கிக்கொண்டு சண்டையும் வாங்கிக் கட்டிக்கொள்ளும் பதிப்பாளர் அவர்களே, முதல் வரிசையில் இருக்கும் கண்ணாடிக் கடைக்காரர் அவர்களே, நாற்காலி போதாமல் ஜன்னலோரத்திலும் படிக்கட்டிலும் நின்றுகொண்டிருக்கும் என் தொழில் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம்.

எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நான் மேடைப் பேச்சாளன் இல்லை. மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பெட்டியோடு வருமே ஒரு கையேடு, அதை எழுதுகிறவன். 'முதலில் மின் இணைப்பைத் துண்டிக்கவும்' என்று எழுதிப் பிழைக்கிறவன். நான் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள், மெஷின் நின்ற பிறகுதான் தேடுவார்கள். அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டுக் கறார் அக்காவைப் பற்றிப் பேசு என்கிறீர்கள். கறார் அக்காவைப் பற்றியா! இறந்துபோன கறார் அக்காவைப் பற்றியா! போன வாரம் யாராவது இப்படி ஒரு வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மறைந்தார், பிரிந்தார், மீளாத் துயில் கொண்டார் என்று எல்லாம் எனக்கும் எழுதத் தெரியும். எழுதிக் கூலியும் வாங்கியிருக்கிறேன். இன்றைக்கு அதில் ஒன்றுகூட வாயில் வர மாட்டேன் என்கிறது. அந்தம்மா செத்துப்போயிட்டாங்க. அவ்வளவுதான் வருகிறது.

இந்த ஹாலை யார் பிடித்தது தெரியுமா உங்களுக்கு? அவர்தான்! இன்றைக்கு, இதே மாலைக்கு, நமக்கெல்லாம் கூலி பேசும் பயிற்சி நடத்துவதற்காக அவரே வந்து பேசிப் பிடித்த ஹால் இது. ஹால் மேனேஜர், "மைக்குக்குத் தனி வாடகைம்மா" என்றாராம். "மைக் இல்லாத ஹாலுக்கு ஹால்னு பேர் எதுக்குங்க? பெரிய ரூம்னு சொல்லுங்க, பெரிய ரூம் வாடகை தர்றேன்" என்றாராம் அக்கா. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாராம். மேனேஜர் அங்கே கதவோரம்தான் நிற்கிறார், தலையாட்டுகிறார் பாருங்கள். மைக் சும்மா வந்தது. அந்த மைக்கில்தான் இப்போது நான் பேசிக்கொண்டிருக்கிறேன். வாசலில் இருக்கிற போர்டில் 'பயிற்சிக் கூட்டம்' என்பதை அழித்துவிட்டு 'இரங்கல் கூட்டம்' என்று எழுதியிருக்கிறார்கள். அழித்தது சரியாக அழியவில்லை. அதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்து நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

யார் இந்தக் கறார் அக்கா? எங்களைப் போலவே வேலைக்கு வேலை கூலி வாங்குகிற ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர். துணிக்கடை விளம்பரம் எழுதுவார், கம்பெனி ஆண்டறிக்கை எழுதுவார், யாரோ ஒரு பெரிய மனிதருக்குச் சுயசரிதையும் எழுதிக் கொடுப்பார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். ஆனாலும் எனக்கு அக்கா. இந்த மேடையில் இருக்கிற தலைவருக்கும் அக்கா. பதிப்பாளருக்கும் அக்கா. அவருடைய வீட்டுக்காரர், இதோ இந்தக் கண்ணாடிக் கடைக்காரரே எங்களிடம் பேசும்போது "உங்க அக்கா குளிக்கப் போயிருக்காங்க" என்றுதான் சொல்வார். ஒருமுறை நான் கேட்டேன், "ஏன்மா, நான் உங்களுக்கு அண்ணன் முறை இல்லையா?" என்று. "வயசுல அண்ணன்தான். ஆனா கூலி கேக்கறதுல கைக்குழந்தை" என்றார்.

நம் தொழிலில் சில வாசகங்கள் உண்டு. வெளியாட்களுக்கு அது சாதாரணப் பேச்சு. நமக்குக் கூலியில் பாதி போச்சு என்று அர்த்தம். "பார்த்துப் பண்ணிக்கலாம் சார்." "முதல்ல இதை முடிச்சுக் குடுங்க, அடுத்த வேலையில சேர்த்துப் பார்த்துக்கலாம்." "நம்ம ஆளுதானே நீங்க!" "உங்களுக்கும் நாலு இடத்துல பேர் கிடைக்கும்ல?" சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். பதிப்பாளரும் சிரிக்கிறார். இதில் பாதி அவர் சொன்னதுதானே! 'பேர் கிடைக்கும்' என்று இவர் அக்காவிடமும் ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "அப்படியா? அந்தப் பேரை எங்க ஹவுஸ் ஓனர் வாடகையா வாங்கிப்பாரான்னு கேட்டுட்டு வர்றேன், லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, நிஜமாகவே மாடியேறிப் போய்க் கேட்டுவிட்டு வந்து, "மாட்டாராம் சார்" என்றாராம்.

இப்படி வாய்ச் சாமர்த்தியம் உள்ளவர் என்றால், பேசுவதற்குத்தானே கற்றுக் கொடுத்திருப்பார் என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அவர் கற்றுக் கொடுத்தது பேசாமல் இருப்பதற்கு! "எவ்வளவு வேணுமோ பட்டுனு சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடுங்க. அவங்க பேசற வரைக்கும் நீங்க பேசக் கூடாது. முதல்ல பேசறவங்க தோத்தாங்க." இவ்வளவுதான் அவருடைய பாடம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! செய்து பார்த்தவர்களுக்குத்தானே தெரியும்! நாம் எழுதுகிற ஜாதி. வெறும் இடத்தைப் பார்த்தால் நம் கை சும்மா இருக்காது. தொகையைச் சொன்ன கையோடு 'ஆனா' என்போம். 'உங்களுக்குக் கஷ்டம்னா' என்போம். 'அதிகமாச் சொல்லிட்டேனோ' என்போம். எதிரில் இருக்கிறவர் பேனா மூடியைக்கூடத் திறந்திருக்க மாட்டார், அதற்குள் நாமே பாதி விலைக்கு வந்து நிற்போம்.

அதற்காகத்தான் அவர் போனில் ஒத்திகை வைத்தார். அவர் முதலாளி, நாம் எழுத்தாளர். இங்கே இருக்கிற எல்லாரும் அந்த ஒத்திகையில் அடிபட்டவர்கள்தானே? பெருமூச்சு விடுவார். "காகிதம் விக்கிற விலை தெரியுமாம்மா?" என்று இதோ இந்தப் பதிப்பாளர் குரலிலேயே கேட்பார். நாம் தொகையைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. மூச்சுச் சத்தம்கூட வராது. முதல் தடவை நான் தாக்குப்பிடிக்கவே இல்லை. "வேணும்னா குறைச்சுக்கலாம்" என்று உளறிவிட்டேன். வந்ததே கோபம் அவருக்கு! "யாரு கேட்டா? நான் கேட்டேனா? என் வாயைத் திறந்தேனா? உங்க தலையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுக்கறீங்களே, மனுஷனா நீங்க? நாளைக்குக் காலையில திரும்பக் கூப்பிடுங்க."

கூப்பிட்டேன். பல நாள் காலையில் கூப்பிட்டேன். கடைசியில் ஒருநாள் தொகையைச் சொல்லிவிட்டு, போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, முகச்சவரமே செய்து முடித்தேன். அந்தப் பக்கமும் சத்தமில்லை, இந்தப் பக்கமும் சத்தமில்லை. நான் முகத்தைத் துடைக்கிறபோது, "ம்... தேறிட்டீங்க. நானும் துணியெல்லாம் காயப் போட்டுட்டேன்" என்று குரல் வந்தது. அந்த வாரம் வாஷிங் மெஷின் கம்பெனிக்காரரிடம் என் தொகையைச் சொன்னேன். அவர் பேசவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "சரிங்க, பில் அனுப்புங்க" என்றார். வீட்டுக்குப் போனதும் என் மனைவி, "ஏங்க உதட்டுல ரத்தம்?" என்றாள். சம்பள உயர்வு என்றேன்.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், அடுத்து நான் சொல்லப் போகிறது இது தெரியாதவர்களுக்குப் புரியாது. அரசல்புரசலாக நீங்கள் எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆளுக்கொன்றாகப் பேசுகிறார்கள். நடந்தது என்னவென்று கண்ணாடிக் கடைக்காரரும் நர்சம்மாவும் என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டுக்கொண்டுதான் இங்கே பேசுகிறேன்.

நர்சம்மாவை உங்களுக்குத் தெரியும். அதோ, தூணுக்குப் பின்னால் இருக்கிறார். வாழ்நாள் முழுக்கத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றபோது ஒரு சால்வை கொடுத்தார்கள், பென்ஷன் கொடுக்கவில்லை. இப்போது எழுதித்தான் சாப்பாடு. நம் பதிப்பாளருக்கு இரண்டு சின்னப் புத்தகங்கள் எழுதிக் கொடுத்தார். கவரில் போட்டுக் கொடுத்ததைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மூன்றாவதாக ஒரு பெரிய புத்தகம் கேட்டிருக்கிறார் பதிப்பாளர். படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டிலேயே எப்படிப் பார்த்துக்கொள்வது என்று. நர்சம்மாவை விட்டால் அதை எழுத யார் இருக்கிறார்கள்? இந்தத் தடவை தொகையை நீங்களே சொல்லியாக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றார். போன செவ்வாய்க்கிழமை காலையில் ஒத்திகை.

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தானே உட்காருவார்! பெருமூச்சு விட்டார். காகித விலை கேட்டார். நர்சம்மா தொகையைச் சொன்னார். பட்டென்று, தெளிவாக, ஒரு 'ஆனா' இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அக்காவும் பேசவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் டீயோடு வந்திருக்கிறார். மனைவி கண்ணை மூடிச் சாய்ந்திருக்கிறார். போனில் விளக்கு எரிகிறது. அந்த வீட்டில் ஒத்திகை நேரத்தில் யாரும் ஸ்பூன் சத்தம்கூடப் போடக் கூடாது, அது வீட்டுச் சட்டம். அதனால் டீயைச் சத்தமில்லாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து குளிக்கப் போய்விட்டார். குளித்துவிட்டு வந்தார். டீயில் ஆடை படிந்திருந்தது. "என்னம்மா, டீ ஆறிப்போச்சே" என்றார். அவ்வளவு நேரமும் உதட்டை மூடிக் காத்திருந்த நர்சம்மா அந்தப் பக்கத்திலிருந்து சிரித்துக்கொண்டே கத்தினாராம்: "அக்கா! வீட்டுக்காரரை விட்டுப் பேச வெக்கிறது அழுகுணி ஆட்டம்! நான் ஜெயிச்சுட்டேன்! நான் ஜெயிச்சுட்டேன், ஒத்துக்கங்க!"

ஐயோ! என்ன சொல்வது இதை? எந்தச் சொல்லால் சொல்வது? நானும் எத்தனையோ வருஷமாக வார்த்தையை வைத்துப் பிழைக்கிறேன். இதற்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

நர்சம்மா, இப்போது உங்களிடம்தான் பேசுகிறேன். எழுந்து போகாதீர்கள். கதவோரம் மேனேஜர் நிற்கிறார், விட மாட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? "நான் நர்ஸுங்க. ஒரு மூச்சு நின்னா அடுத்த ரூம்ல இருந்தே எனக்குத் தெரியும். எனக்குத் தெரியலையே! காசு எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேனே!" என்றீர்கள். உங்களுக்குப் பதில் நான் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டம் சொல்லட்டும். தொழில் சொந்தங்களே! அக்கா போனில் பேசாமல் இருந்தபோது பதறிப்போய், 'என்ன ஆச்சு' என்று கேட்டவர்கள் யாராவது உங்களில் உண்டா? உண்டு என்றால் கையைத் தூக்குங்கள். பார்த்தீர்களா நர்சம்மா? தூணை விட்டு வெளியே வந்து பாருங்கள். ஒரு கை இல்லை! அன்று அந்தப் பக்கம் நான் இருந்திருந்தால் இரண்டாவது தடவையும் முகச்சவரம் செய்திருப்பேன். கட்டின புருஷன் பக்கத்தில் வந்து டீ வைத்துவிட்டுப் போயிருக்கிறார், அவருக்கே தெரியவில்லை!

டாக்டரிடம் நானே கேட்டேன். ஒரு தடவை இல்லை, அவர் அலுத்துக்கொள்ளும் வரைக்கும் கேட்டேன். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது. "அவங்க ஆஸ்பத்திரியிலேயே இருந்திருந்தாலும், நானே பக்கத்துல நின்னிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. கண்ணை மூடித் திறக்கற நேரம்" என்றார். அவர் வாயாலேயே சொன்னார். கண்ணாடிக் கடைக்காரரும் பக்கத்தில் இருந்தார். நீங்கள் நம்ப மாட்டேன் என்றால், நாளைக்கே உங்களை அவரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். நீங்கள் நர்ஸ் பாஷையில் கேளுங்கள், அவர் டாக்டர் பாஷையில் சொல்லட்டும்.

இதோடு போயிருந்தால் நான் அழுதுவிட்டு இறங்கியிருப்பேன். ஆனால் இன்றைக்கு மாலை, இதே மேடைக்குக் கீழே, பதிப்பாளர் என்னிடம் ஒன்று சொன்னார். "நர்சம்மா போன் பண்ணினாங்க. காசே வேண்டாம்னுட்டாங்க. புத்தகத்தைச் சும்மாவே எழுதித் தர்றாங்களாம். இனிமே யார்கிட்டயும் தொகையே பேச மாட்டாங்களாம்." பதிப்பாளர் அவர்களே, நீங்கள் நல்லவர். ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் நீங்கள்தான். இந்த ஹாலில் நாற்காலி போட்டதும் நீங்கள்தான். எல்லாம் சரி. ஆனால் அதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நான் பார்த்தேன்! கோபித்துக்கொள்ளாதீர்கள். அக்கா இருந்திருந்தால் இதைவிட நாலு மடங்கு திட்டியிருப்பார், நீங்கள் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பீர்கள்.

நர்சம்மா, உங்களுக்குக் கை கூப்பிச் சொல்கிறேன். அக்காவின் காதில் கடைசியாகக் கேட்டது என்ன? ஒரு நர்ஸ் தன் உழைப்புக்குத் தன் வாயால் சொன்ன தொகை! யாரோ கொடுத்த கவரைக் கும்பிட்டு வாங்கின ஒரு பொம்பளை, பட்டுனு சொன்னதைக் கேட்டுட்டுத்தான் அவங்க போயிருக்காங்க. கண்ணாடிக் கடைக்காரர் என்னிடம் சொன்னார், "அவ முகத்துல சிரிப்பு இருந்துச்சுங்க. அதனாலதான் நான் டீயை வெச்சுட்டுப் போயிட்டேன்" என்று. அந்தச் சிரிப்பு எதற்காக வந்தது? நீங்கள் சும்மா எழுதிக் கொடுப்பதற்காகவா வந்தது? சொல்லுங்கள்!

தலைவர் மணியைப் பார்க்கிறார். முடித்துவிடுகிறேன். இங்கே நாம் ஒரு உறுதி எடுத்தாக வேண்டும். அக்காவின் போனைக் கண்ணாடிக் கடைக்காரர் நம்மிடம் கொடுத்துவிட்டார். இதோ, என் சட்டைப் பையில் இருக்கிறது. இந்த நம்பர் அணையாது. முதல் வாரம் நான் எடுப்பேன், அடுத்த வாரம் தலைவர், அப்புறம் ஒவ்வொருவராக. புதிதாகக் கூப்பிடுகிறவருக்கு எந்த வேலைக்கு என்ன கூலி என்று மறைக்காமல் சொல்வோம். ஒத்திகை வைப்போம், பெருமூச்சு விடுவோம், காகித விலை கேட்போம். அக்கா வைத்த சட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுகிறோம். அக்கா மன்னிக்கட்டும். ஒத்திகையில் அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை என்றால், 'இருக்கீங்களா?' என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அப்படிக் கேட்டவர் தோற்றவர் ஆக மாட்டார். கண்ணாடிக் கடைக்காரரே, இது உங்கள் வீட்டுக்கும் சேர்த்துத்தான். தனியாக இருக்கிறீர்கள். நாங்கள் கூப்பிட்டுக் கேட்போம். நீங்கள் எடுத்துப் பேச வேண்டும்.

கடைசியாக மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அதை எப்படிச் செய்வது என்று இந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். உலகத்திலேயே அதற்குப் பயிற்சி எடுத்த கூட்டம் இது ஒன்றுதான். ஆனால் சும்மா ஆரம்பிக்கக் கூடாது. அக்கா சொல்லிக் கொடுத்த முறைப்படி ஆரம்பிக்க வேண்டும். முதலில் தொகை, பிறகு மௌனம்.

நர்சம்மா, வாங்க. யாராவது அவங்களுக்குக் கை குடுங்க. மெதுவா வாங்க, அவசரமில்லை. மேடை ஏற வேண்டாம், இங்கேயே, மைக்கை நான் கீழே நீட்டறேன். பதிப்பாளர் சார், நீங்க எழுந்து இப்படி எதிர்ல வந்து நில்லுங்க. எல்லாரும் எழுந்து நில்லுங்க.

அழுதுக்கிட்டே சொன்னாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை சொன்ன அதே தொகை. ஒரு ரூபாய் குறையக் கூடாது. 'ஆனா' கிடையாது. காரணம் சொல்லக் கூடாது. சார்கிட்ட மன்னிப்புக் கேக்கக் கூடாது.

சொல்லுங்க.

இன்னும் சத்தமா. கண்ணாடிக் கடைக்காரருக்குக் கேக்கணும்.

கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு.

இனிமே நான் பேச மாட்டேன். நீங்களும் பேசக் கூடாது நர்சம்மா. பதிப்பாளர் சார் பேசட்டும், காத்திருப்போம்.